இலவச மென்பொருளில் தொழில்நுட்பம் கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முப்பரிமாண உருவங்கள் செய்யும் பிளெண்டர், இயந்திர பாகங்கள் வடிவமைக்கும் ஃப்ரீகேட், சர்க்யூட் போர்டு வரையும் கிகேட், கணிதக் கணக்கீட்டுக்கான ஆக்டேவ் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுவிவிட்டு எதையும் திறக்காமலே இருப்பவர்கள் நிறையப் பேர். காசு கேட்காததால் வரும் வினை இது. சர்க்யூட் போர்டு வரையக் கற்கிறீர்களா? கிகேட் மட்டும் போதும். அதில் சின்னதாக ஒரு போர்டை முடித்துவிட்டு அப்புறம் மற்றதைப் பார்க்கலாம்.

இதைவிடப் பெரிய தொல்லை, பழைய வீடியோவை வைத்துக்கொண்டு புதிய பதிப்பில் கற்பது. 2019இல் வந்த பிளெண்டர் 2.80 முகப்பையே மாற்றிவிட்டது. அதுவரை வலது கிளிக்கில் பொருளைத் தேர்ந்தெடுத்தார்கள். அதிலிருந்து இடது கிளிக். அதற்கு முந்தைய வீடியோவில் காட்டும் பொத்தானை இன்று தேடினால் பல நேரம் அந்த இடத்தில் இருக்காது. தனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்து மாணவர் ஒதுங்கிவிடுவார், பாவம். பைத்தான் என்ற நிரல்மொழியிலும் இதே கதைதான். திரையில் எழுத்தைக் காட்டச் சொல்லும் பிரிண்ட் வரியை அடைப்புக்குறி இல்லாமல் எழுதினால் அது பைத்தான் 2இல் ஓடும், 3இல் பிழை காட்டும். பைத்தான் 2க்கான ஆதரவே 2020 ஜனவரி 1உடன் முடிந்துவிட்டது. ஃப்ரீகேடில் முந்தைய படியொன்றை மாற்றினால், பொருளின் ஒரு முகத்தின் (பக்கத்தின்) மேல் வரைந்த ஸ்கெட்ச் வேறு முகத்துக்குத் தாவும் சிக்கல் பல ஆண்டுகள் இருந்தது. 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பு அதைப் பெருமளவு சரிசெய்தது. அதைச் சமாளிக்கப் பழைய பாடங்கள் சொல்லும் சுற்றுவழிகளில் பல இன்று தேவைப்படாது. பாடத்தைத் தொடங்கும் முன் அதன் தேதியையும் பதிப்பு எண்ணையும் பாருங்கள். பழைய பாடம்தான் வேண்டுமென்றால் அதற்கேற்ற பழைய பதிப்பையும் அதிகாரபூர்வ தளத்திலேயே எடுக்கலாம். தேடலில் முதலில் வரும் விளம்பர இணைப்பைச் சொடுக்காதீர்கள்.

விலைக்கு மென்பொருள் விற்கும் நிறுவனங்கள் தரும் மாணவர் உரிமத்தை இலவச மென்பொருளோடு குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். அது காலாவதியாகும், காசு வாங்கிச் செய்யும் வேலைக்குப் பெரும்பாலும் அனுமதியும் இராது. பிளெண்டரில் அந்தத் தடை இல்லை.

படம் திருத்தும் மென்பொருளான கிம்பில் படத்தை ஜேபெக்காக மட்டும் சேமித்தால் லேயர்கள் (தனித்தனியாகத் திருத்தக்கூடிய அடுக்குகள்) போய்விடும்; அவற்றைக் காக்கும் கிம்பின் சொந்தக் கோப்பு வகையான எக்ஸ்சிஎஃப் கோப்பும் இருக்கட்டும்.

நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்துவைக்கும் கிட் (Git) மென்பொருளைக் கற்பவர்கள் கடவுச்சொல் உள்ள கோப்பையும் சேர்த்துப் பொதுவில் ஏற்றிவிடுவது அடிக்கடி நடக்கிறது. அடுத்த கமிட்டில் (மாற்றப் பதிவில்) கோப்பை அழித்தாலும் பழைய வரலாற்றில் அது அப்படியே இருக்கும். முதல் வேலையாகக் கடவுச்சொல்லையே மாற்றுங்கள், வரலாற்றைச் சுத்தம் செய்வதெல்லாம் அதற்குப் பிறகு.