தூங்கி எழுந்தால் அசதி தீர்கிறதா? வீட்டிலேயே அளந்து பார்க்கும் முறை

பெரியவர்களுக்கு இரவில் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட கணக்கு. ஆனால் 7 மணி நேரம் தூங்கியும் உடம்பு பாரத்தோடு எழுபவர்கள் பலர். தூங்கிய நேரம் ஒரு கணக்கு. அந்தத் தூக்கம் அசதியைத் தீர்த்ததா என்பது வேறு கணக்கு. இரண்டையும் தனித்தனியாக எழுதிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கோளாறு எங்கே என்று பிடிபடும். தேவையானவை: கோடு போட்ட நோட்டு, பேனா, 30 செ.மீ. அடிக்கோல், 14 நாள்.

அந்த 14 நாளைப் பார்த்து எடுக்க வேண்டும். காரைக்குடி கொப்புடையம்மன் திருவிழா, வீட்டுக் கல்யாணம், காய்ச்சல், சென்னைக்கு இரவுப் பயணம் இவை குறுக்கிட்டால் கணக்கு கெடும். சென்னை போகும் அதிகாலைப் பல்லவன் ரயிலைப் பிடிக்க எழுந்த நாளும் அப்படித்தான்; எழுதி வையுங்கள், சராசரியில் சேர்க்க வேண்டாம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உள்ளே வரட்டும். படுக்கும் இடத்தையும் நடுவில் மாற்றக்கூடாது. சித்திரை வெக்கையில் அறையிலிருந்து வளவுக்கு, அதாவது வீட்டு நடு முற்றத்துப் பக்கம், பாயை மாற்றினால் காற்று, கொசு, முற்றத்து விடியல் வெளிச்சம் எல்லாமே மாறிவிடும். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் அன்றிலிருந்து புதுக் கணக்கு தொடங்குங்கள்.

காலையில் எழுதவேண்டியவை ஐந்து: தூங்கலாம் என்று விளக்கணைத்த நேரம், தூக்கம் வர எடுத்த நிமிடம், இடையில் விழித்திருந்த மொத்த நிமிடம், கடைசியாக விழிப்பு வந்த நேரம், படுக்கையை விட்டு எழுந்த நேரம். நிமிடங்களை உத்தேசமாகப் போட்டால் போதும். இரவில் செல்போனை எடுத்து மணி பார்க்கவே கூடாது. பார்க்கிற பழக்கமே தூக்கத்தைக் கலைக்கும். அப்புறம் கலைந்த தூக்கத்தைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 10:30-க்கு விளக்கணைத்து, தூக்கம் வர 20 நிமிடம், இடையில் 30 நிமிட விழிப்பு, 5:00-க்குக் கடைசி விழிப்பு, 5:30-க்கு எழுந்தாயிற்று. படுக்கையில் இருந்தது 420 நிமிடம். 10:30 முதல் 5:00 வரை 390 நிமிடம். அதில் 50 போனால் தூங்கியது 340. 340-ஐ 420-ஆல் வகுத்தால் 81 சதவீதம். 85-க்கு மேல் இருந்தால் நல்லது என்று கொள்வது வழக்கம்.

அடுத்தது அசதி தீர்ந்த அளவு. இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. கண் விழித்ததும் கேட்கக்கூடாது. எழுந்தவுடன் இருக்கும் தூக்கக் கலக்கம் பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடத்தில் தெளியும், சிலருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். அது நன்றாகத் தூங்கியவருக்கும் வரும். ஆகவே எழுந்து 30 நிமிடம் கழித்து, முகம் கழுவி, வாசல் தெளித்து முடித்த பிறகு, ஆனால் காபிக்கு முன்னால் கேளுங்கள். காபி உள்ளே போய்விட்டால் தூக்கத்தின் பலனையும் காபியின் பலனையும் பிரிக்க முடியாது. காபி இல்லாமல் அரை மணி நேரம் ஓடாது என்பவர்கள், 14 நாளும் குடித்த பிறகே எழுதட்டும். ஒரே முறையாக இருந்தால் சரி.

கேள்விகள் இவை. உடம்பு அசதி தீர்ந்திருக்கா? மனசு தெளிவா இருக்கா? எரிச்சல் இல்லாம நிதானமா இருக்கா? இன்னிக்கு வேலையைத் தொடங்கத் தெம்பு இருக்கா? மறுபடி போய்ப் படுக்கலாம்னு தோணுதா? ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை; 1 என்றால் கொஞ்சமும் இல்லை, 5 என்றால் நிறையவே. கடைசிக் கேள்வி தலைகீழானது, அதன் விடையை 6-லிருந்து கழிக்க வேண்டும். 4, 3, 4, 3 என்று சொல்லிவிட்டு ஐந்தாவதற்கு 4 சொன்னால் அது 2 ஆகும், மொத்தம் 16. அதில் 5 கழித்து, 20-ஆல் வகுத்து, 100-ஆல் பெருக்கினால் 55. இதுதான் அன்றைய மதிப்பெண்.

ஆய்வாளர்களிடம் இதற்கென்றே சோதித்த கேள்வித்தாள்கள் உண்டு. 2014-ல் வெளியான ஒன்றுக்குத் தினசரி வடிவம், வாராந்திர வடிவம் இரண்டுமே இருக்கின்றன. 1989-ல் வந்த பிட்ஸ்பர்க் கேள்வித்தாள் கடந்த ஒரு மாதத் தூக்கத்தின் தரத்தைக் கேட்பது, 1991-ன் எப்வொர்த் அளவுகோல் பகலில் கண் சொக்குவதைக் கேட்பது. எழுந்தபோது அசதி தீர்ந்ததா என்பது அவற்றின் நேரடிக் கேள்வி அல்ல. மேலே சொன்ன வீட்டு முறையில் ஒருவரை அவரோடு மட்டுமே ஒப்பிடலாம். பக்கத்து வீட்டு அண்ணனுக்கு 70, எனக்கு 55 என்று பேசுவதில் பொருளில்லை.

பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சியிடம் பிள்ளைகள் போனில் கேட்பதானால், “நல்லாத் தூங்கினீங்களா ஆச்சி?” என்று தொடங்க வேண்டாம். பிள்ளை கவலைப்படக்கூடாதென்று “தூங்கினேன்ப்பா” என்றுதான் பதில் வரும். “உடம்பு லேசா இருக்கா, பாரமா இருக்கா? அஞ்சுக்கு எத்தனை போடலாம்?” என்று கேளுங்கள். ஆச்சி 5:30-க்கு எழுபவர் என்றால் 6:00-க்குக் கூப்பிட வேண்டும். சிங்கப்பூரில் அப்போது 8:30.

சொல்லும் பதிலை மட்டும் நம்பவும் முடியாது. 2003-ல் வெளியான ஓர் ஆய்வில் இரண்டு வாரம் இரவுக்கு 6 மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ படுத்தவர்களின் கவனம் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போனது. அவர்களுக்கோ அந்த அளவுக்குத் தூக்கக் கலக்கம் தெரியவில்லை. அதற்காகத்தான் அடிக்கோல். முன்கையை மேசையில் வைத்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் 2 செ.மீ. விரித்து வையுங்கள். இன்னொருவர் அடிக்கோலை 30 முனையில் பிடித்து, 0 உங்கள் விரல்களுக்கு நடுவே வரும்படி தொங்கவிட்டு, சொல்லாமல் விட வேண்டும். பிடித்த இடம் 15 செ.மீ. என்றால் கை அசைய ஏறக்குறைய 0.17 விநாடி, 20 செ.மீ. என்றால் 0.20 விநாடி. ஐந்து முறை செய்து நடு அளவை எழுதுங்கள். முதல் மூன்று நாள் கை பழகுவதாலேயே அளவு குறையும், அதைச் சேர்க்க வேண்டாம். விடுபவர் ஒன்று, இரண்டு என்று எண்ணினால் எல்லாம் வீண்.

பகல் தூக்கத்தையும் குறியுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் கண் சொக்குவதை வைத்து முடிவு கட்டாதீர்கள். 1 மணிக்கு மேல் உடம்பின் கடிகாரமே தணியும் நேரம் அது. காலை 10 மணிக்குச் சொக்கினால்தான் யோசிக்க வேண்டும். தூக்கம் அளக்கும் மின்னணுக் கைப்பட்டையில் வரும் ஆழ்ந்த தூக்க நிமிடங்களை விட்டுவிடலாம், அசையாமல் விழித்துக் கிடப்பதையும் அது பலமுறை தூக்கமென்றே எழுதும்.

14 நாள் முடிந்ததும் சராசரி எடுங்கள். ஞாயிறன்று 2 மணி நேரம் கூடத் தூங்கி, அன்று மதிப்பெண்ணும் ஏறினால் வார நாள்களில் தூக்கம் போதவில்லை. 30 நிமிடம் முன்னால் படுத்து இன்னும் 14 நாள் அளங்கள். தினசரி மதிப்பெண் 45-க்கும் 70-க்கும் இடையே ஆடுபவருக்குச் சராசரி 5 கூடியதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

7 மணி நேரம் தூங்கியும் மதிப்பெண் தாழ்ந்தே இருந்தால் கூடப் படுப்பவரிடம் விசாரியுங்கள்: பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது உண்டா? இரவில் சிறுநீர் கழிக்க எத்தனை முறை எழுகிறார்? தூக்க மூச்சடைப்பு, சர்க்கரை, தைராய்டு, ரத்தசோகை, மனச்சோர்வு, சில மாத்திரைகள் எல்லாமே இப்படிக் காட்டும். நோட்டையும் மாத்திரைச் சீட்டையும் மருத்துவரிடம் கொடுங்கள். மூச்சடைப்பு என்று சந்தேகம் வந்தால் இரவுத் தூக்கச் சோதனைக்கு எழுதுவார். வண்டி ஓட்டும்போது ஒருமுறை கண் அசந்தவர் 14 நாள் முடியும்வரை காத்திருக்க வேண்டாம், அன்றே வண்டியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.