பிராஸ் கச்சேரிக்கு நேரம் குறிப்பது எப்படி?

இரண்டு ட்ரம்பெட், ஒரு ஹார்ன், ஒரு ட்ரொம்போன், ஒரு டியூபா, எல்லாமே பிராஸ், அதாவது உதட்டை அதிரவைத்து ஊதும் பித்தளைக் குழல்கள். இந்த ஐந்து பேரை வைத்துத் திருகோணமலையில் முதல் தடவையாகக் கச்சேரி நடத்தப் போகிறீர்கள் என்றால், மண்டபம், கதிரை எல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒரு தாளை எடுத்து, ஒவ்வொருவருடைய உதட்டிலும் மவுத்பீஸ் (குழலில் வாய்வைத்து ஊதும் முனை) எத்தனை நிமிடம் இருக்கப் போகிறது என்று தனித்தனியாகக் கூட்டுங்கள். உதடு சோர்ந்துவிட்டால் எவ்வளவு மூச்சுக் கொடுத்தாலும் மேல்சுரம் வராது. கோயில் திருவிழாவில் தவில்காரர் தனி வாசிக்கும்போது நாதஸ்வரக்காரர் சீவாளியை எடுத்துவிட்டு ஆறுதலாக இருப்பாரே, அந்த ஓய்வை நீங்களும் நிகழ்ச்சிக்குள்ளேயே வைக்க வேண்டும்.

தொழில்முறைக் கலைஞர்கள் இல்லையென்றால், முதல் ட்ரம்பெட்டுக்கு மொத்தம் 35 நிமிடத்துக்கு மேல் நான் கொடுக்கமாட்டேன்.

அடுத்தது தொடங்கும் நேரம். ஜூன் மாதம் இங்கே பொழுது சாய ஆறரை ஆகிவிடும், அதோடு மஃரிப் (அந்தித் தொழுகை) பாங்கும் கோயில் மணியும் கேட்கும், ஆகவே 7 மணிக்கு வைத்தால் நல்லது. இஷா (இரவுத் தொழுகை) பாங்கு ஏழே முக்கால் மணிக்குப் பக்கமாக வரும். இடைவேளையை அந்த நேரத்தில் போடுங்கள்.

முதல் பாதியை 1608-இல் வெனிஸில் அச்சான, இத்தாலிய இசையமைப்பாளர் கப்ரியேலியின் கன்சோன் (வாத்தியங்கள் சேர்ந்து வாசிக்கும் சின்ன உருப்படி) ஒன்றோடு தொடங்கலாம், மூன்று நிமிடம்தான், உதடும் இளகும். பிறகு பிரெஞ்சு இசையமைப்பாளர் பூலாங்க் 1922-இல் எழுதிய சொனாட்டா, ஏறத்தாழ 9 நிமிடம். அது ஹார்ன், ட்ரம்பெட், ட்ரொம்போன் மூன்றுக்கும் மட்டும் என்பதால் மற்ற இருவருக்கும் ஓய்வு. அதை ஊதிய மூவரும் இளைப்பாற அடுத்து ஒரு பியானோத் தனி, கடைசியில் ஐவரும் சேர்ந்து சின்னதாக ஒன்று. ஒவ்வொரு உருப்படிக்கும் நடுவில் இரண்டு நிமிடம் விடுங்கள், கைதட்டலும் இருக்கும், குழலில் சேர்ந்த தண்ணீரையும் வடிக்க வேண்டும். ஆங்கில இசையமைப்பாளர் மால்கம் ஆர்னல்டின் 1961-ஆம் ஆண்டு குவின்டெட் (ஐவர் உருப்படி) போன்ற கடினமான 13 நிமிட உருப்படியை இறுதிக்கு வைக்கவே வேண்டாம், இடைவேளை முடிந்த கையோடு வையுங்கள்.

ஒத்திகை விஷயத்தில் நாங்கள் ஒருமுறை பட்டுவிட்டோம். அன்று பின்னேரம் மூன்று மணிக்கு முழு நிகழ்ச்சியையும் முழுச் சத்தத்தில் ஊதினோம். இரவு கடைசி உருப்படிக்கு எழும்பும்போது முதல் ட்ரம்பெட் தம்பியின் மேலுதட்டில் மவுத்பீஸ் பதிந்த சிவந்த வளையம் அப்படியே தெரிந்தது, உச்சசுரத்துக்குப் போனார், வெறும் காற்றுத்தான் வந்தது. அதிலிருந்து கச்சேரி நாளில் தொடக்கங்களையும் முடிவுகளையும் மட்டும் மெல்ல ஊதிப் பார்க்கிறோம், ஆறே காலுக்குப் பதினைந்து நிமிடம் உதட்டை இளக்கிவிட்டு நிறுத்திவிடுகிறோம்.

கச்சான் காற்று (தென்மேற்கிலிருந்து வரும் சூடான காற்று) அடிக்கும் மாதங்களில் சுருதியும் சும்மா இருக்காது. குழலுக்குள் காற்று ஒரு பாகை சூடானால் சுருதி சுமார் 3 சென்ட் ஏறும் (அரைச்சுரம் 100 சென்ட்), பியானோ அதோடு சேர்ந்து ஏறாது. ஏசி மண்டபமென்றால் சும்மா வைத்திருக்கும் குழல் குளிர்ந்து சுருதி இறங்கிவிடும், ஆகவே பியானோத் தனி முடியும் தறுவாயில் ஐவரும் குழலுக்குள் சத்தமில்லாமல் சூடான மூச்சை விட்டுக்கொள்ளட்டும்.

சபை இன்னொன்று கேட்டால் கொடுக்க, கீழ்ச்சுரங்களிலேயே போகும் இரண்டு நிமிட மெதுவான பாட்டு ஒன்றைத் தயாராக வையுங்கள், மெட்டை ஹார்னுக்குக் கொடுங்கள்.