பாரிஸ் பயணம்: டிக்கெட்டில் இருக்கும் மணியை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்

முதல்முறை மகனைப் பார்க்க பாரிஸ் கிளம்பிய அத்தை, டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "காலைல பத்து மணிக்கு ஏறினா சாயங்காலம் நாலரைக்கு இறங்கிடலாம், ஆறரை மணி நேரந்தான்" என்றார். கைப்பையில் ஒரே ஒரு சர்க்கரை மாத்திரை. மிச்சமெல்லாம் பெரிய பெட்டியில் போய்விட்டது. உண்மையில் அவர் பறந்தது 11 மணி நேரம்.

புதுச்சேரியில் பிரான்ஸ் உறவு இல்லாத தெரு குறைவு. இருந்தும் இந்தத் தவறு மட்டும் ஓயவில்லை. ஏறும் நேரம் நம்மூர் மணி, இறங்கும் நேரம் அந்த ஊர் மணி. பாரிஸ் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை மூன்றரைதான், ஏனென்றால் கோடையில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்கள். போகும்போது இந்த வித்தியாசத்தைக் கூட்ட வேண்டும், வரும்போது கழிக்க வேண்டும்.

தூரத்தை வேகத்தால் வகுப்பவர்களும் உண்டு. சென்னையிலிருந்து பாரிஸ் நேர்கோட்டில் சுமார் 8,000 கிலோமீட்டர். 900 வேகம் என்றால் ஒன்பது மணி நேரம், சரி. ஆனால் மூடிக்கிடக்கும் வான்வெளிகளைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பலத்த காற்று போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது தள்ளிவிடும் காற்று. அதனால் வரும் பயணம் பெரும்பாலும் கொஞ்சம் சீக்கிரம் முடியும்.

துபாய் வழி என்றால் ஏதோ பெரிய சுற்று என்று பயப்படுகிறார்கள். தூரத்தில் சுமார் நூற்றைம்பது கிலோமீட்டர்தான் அதிகமாகும், அது வழியில்தான் இருக்கிறது. நேரத்தைத் தின்பது அங்கே காத்திருப்பதுதான்.

இதையெல்லாம்விட ஆபத்தானது நள்ளிரவு விமானம். 15-ஆம் தேதி 00.40 என்று டிக்கெட்டில் இருந்தால், 14-ஆம் தேதி ராத்திரி விமான நிலையத்தில் இருக்க வேண்டும். மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையானாலும் திண்டிவனம் வழியானாலும் மீனம்பாக்கத்துக்கு மூன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள், தாம்பரம் பக்கம் எப்போது அடைத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. ஆக, வீட்டிலிருந்து 14-ஆம் தேதி மாலை ஆறு மணிக்கே வண்டி கிளம்பியாக வேண்டும். கடலூர்க்காரர்கள் இன்னும் முக்கால் மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு விவரமாகச் சொல்கிற நானே ஒருமுறை 14-ஆம் தேதி இரவு வீட்டில் நிம்மதியாகத் தூங்கியவன். மறுநாள் ராத்திரி இரண்டு பெட்டிகளோடு போய் நின்றேன். வாசலில் டிக்கெட்டை வாங்கிப் பார்த்த காவலர் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். "சார், இது நேத்தே போயிடுச்சு."