ஒரே மெயினா, ஒன்பது ஆல்ட்டா? புதிதாக ஆடுவோருக்கு ஒரு செய்முறை

ஆன்லைன் ரோல்-பிளேயிங் விளையாட்டுகளில் இறங்கிய முதல் வருடக் கடைசியில் என் கணக்கில் ஒன்பது பாத்திரங்கள் இருந்தன. மந்திரவாதி லெவல் 31. வில்லாளி 27. மற்ற ஏழும் இருபதைச் சுற்றியே நின்றன. உச்ச லெவலோ 60. ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் கில்டின் (சேர்ந்து ஆடுவோரின் சங்கம்) ரெய்டில் (பலர் கூடிப் பெரிய எதிரியைத் தாக்கும் சண்டை) ஓர் இடம் காலியானது. "யாரைக் கொண்டுவருகிறீர்கள்?" என்று தலைவர் கேட்டார். தேர்வுத் திரையில் ஒன்பது முகங்களும் வரிசையாக நின்று என்னைப் பார்த்தன. கொண்டுபோக ஒருவரும் இல்லை. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்று பள்ளியில் படித்ததன் பொருள் அன்றுதான் புரிந்தது.

அதற்காக ஒரே பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு அழுங்கள் என்று சொல்லமாட்டேன். இன்று எனக்கு மூன்று பாத்திரங்கள் உண்டு, மூன்றும் பயன்படுகின்றன. அந்த இடத்துக்கு வந்த வழியைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

இரண்டு சொற்களை முதலில் பழகிக்கொள்ளுங்கள். நீங்கள் அதிக நேரம் ஆடுகிற, கில்டில் உங்களை அடையாளம் காட்டுகிற பாத்திரம் மெயின். அதே கணக்கில் இருக்கும் மற்றவை எல்லாம் ஆல்ட்.

படி 1: எது கணக்கின் சொத்து, எது பாத்திரத்தின் சொத்து?

பெரும்பாலானோர் இதைத் தாவிவிட்டு "எனக்குப் பல பாத்திரம் ஆடப் பிடிக்குமா?" என்ற கேள்வியில் தொடங்குகிறார்கள். உங்கள் ரசனை இரண்டாம் பட்சம். விளையாட்டு எதைக் கணக்கின் பெயரில் எழுதுகிறது, எதைப் பாத்திரத்தின் பெயரில் எழுதுகிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

ஃபைனல் ஃபேன்டஸி 14ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆயுதத்தை மாற்றினால் தொழிலே மாறிவிடும். வாள்வீரனாக இருந்தவன் கோலைக் கையில் எடுத்ததும் மருத்துவன். சண்டைத் தொழில்கள் மட்டுமல்ல, 8 கைவினைகளையும் 3 சேகரிப்புத் தொழில்களையும்கூட ஒரே ஆள் கற்கலாம். ஆனால் புதிய பாத்திரம் ஒன்றைத் தொடங்கினால், நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓடும் முதன்மைக் கதையை, காசு கொடுத்துத் தாண்டாவிட்டால், மறுபடி முதலிலிருந்து நடந்து தீர்க்க வேண்டும். அங்கே ஆல்ட் வைப்பது கதைமேல் உள்ள காதலால் மட்டுமே நியாயம்.

லாஸ்ட் ஆர்க் நேர் எதிர். ரெய்டுகளில் கிடைக்கும் தங்கத்தை வாரத்துக்கு 6 பாத்திரங்கள்வரை பெறலாம் என்ற விதியே பலரை ஆறு பேரை வளர்க்க வைத்தது. அங்கே ஆல்ட்டுகள் சம்பாதிக்க, மெயின் செலவழிக்கும். ஈவ் ஆன்லைனில் ஒரு கணக்கில் மூன்று பாத்திரங்களுக்கு இடம் உண்டு. திறன் பயிற்சி கடிகார நேரத்தில், நீங்கள் தூங்கும்போதும் நடக்கும். ஆனால் தனியாகக் காசு கொடுக்காவிட்டால் ஒரு சமயத்தில் ஒருவருக்குத்தான் பயிற்சி. இரண்டாமவன் பயில்கிற ஒவ்வொரு நாளும் முதலாமவன் சும்மா இருக்கிற நாள்.

கில்டு வார்ஸ் 2 நடுவில் நிற்கிறது. வங்கி, மூலப்பொருள் கிடங்கு, சாயங்கள், மாஸ்டரி திறன்கள் எல்லாம் கணக்குக்குப் பொது. 2021 முதல் லெஜண்டரி எனப்படும் மிக உயர்தரக் கவசமும் ஆயுதமும்கூடப் பொதுக் கிடங்கில் சேர்ந்துவிட்டன, அவை பொருந்துகிற எந்தப் பாத்திரமும் எடுத்து அணியலாம். லெவல் மட்டும் ஒவ்வொருவரும் ஏறித் தீர வேண்டும்.

உங்கள் விளையாட்டு எந்த வகை? கண்டுபிடிக்கச் சுலபமான வழி: காலியாக உள்ள இடத்தில் ஒரு லெவல் 1 பாத்திரத்தை உருவாக்கி உள்ளே போங்கள். ஒரு தாளில் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் "கணக்கு", வலப்பக்கம் "பாத்திரம்" என்று எழுதுங்கள். வங்கியைத் திறங்கள், மெயின் போட்டுவைத்த பொருள் தெரிகிறதா? குதிரை இருக்கிறதா? வரைபடம் திறந்திருக்கிறதா, இருட்டாக இருக்கிறதா? நாணயம், நற்பெயர், சாதனைகள், கைவினைச் செய்முறைகள் ஒவ்வொன்றையும் பார்த்து உரிய பக்கத்தில் எழுதுங்கள். பதினைந்து நிமிட வேலை. வலப்பக்கம் நீண்டுகொண்டே போனால் ஒரே மெயினோடு இருங்கள். இடப்பக்கம் நீண்டால் தாராளமாக ஆல்ட் வைக்கலாம்.

பட்டியலில் சிறியதாகத் தெரிவது பின்னால் பெரிதாகக் கடிக்கும். எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் நான் ஆடிய காலத்தில், குதிரையின் வேகம், தாக்குப்பிடிப்பு, சுமை ஒவ்வொன்றுக்கும் 60 பாடம், ஆக 180 பாடம். ஒரு பாடத்துக்கும் அடுத்ததற்கும் 20 மணி நேர இடைவெளி. அதையும் ஒவ்வொரு பாத்திரமும் தனித்தனியாக முடிக்க வேண்டும். மெயினில் காற்றாகப் பறந்துவிட்டு ஆல்ட்டில் ஏறினால், குதிரை கோயில் யானையாக நடக்கும். அந்த எரிச்சலிலேயே இரண்டு ஆல்ட்டுகளைக் கைவிட்டேன்.

இன்னொரு எச்சரிக்கை. இணையத்தில் படிக்கும் அறிவுரை எந்த ஆண்டுடையது என்று பாருங்கள். 2004இல் வெளியான வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டில் நெடுங்காலம் ஒவ்வொரு பாத்திரமும் தனிக்குடித்தனம்தான். 2024இல் தி வார் விதின் விரிவாக்கத்தை ஒட்டி, ஒரு கணக்கின் பாத்திரங்களை ஒரே அணியாகக் கருதும் வார்பேண்ட் முறை வந்ததும் பொது வங்கி வந்தது, பல நற்பெயர்கள் கணக்குக்குப் பொதுவாயின. அதற்கு முன் எழுதிய "ஆல்ட் வைக்காதே" கட்டுரைகளில் பாதிக் காரணங்கள் அன்றோடு காலாவதி ஆகிவிட்டன.

படி 2: மெயினைத் தேர்ந்தெடுங்கள், ஒரு வாரக் கெடுவோடு

மூன்று கிளாஸ்களை (மந்திரவாதி, வில்லாளி போன்ற பாத்திர வகைகள்) எடுத்து ஒவ்வொன்றையும் முதல் டஞ்சன் (சிறு குழுவாக நுழைந்து எதிரிகளை வெல்லும் இடம்) வரும்வரை ஆடிப் பாருங்கள். ஏழு நாளுக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அழித்துவிடுங்கள். ஆம், அழிக்கத்தான் சொல்கிறேன். திரையில் இருந்தால் கை அரிக்கும்.

அழகிய உடையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், உடையை எப்போதும் மாற்றலாம். குழுவில் என்ன வேலை செய்ய மனம் வருகிறது என்று பாருங்கள். அடி வாங்கி முன்னால் நிற்பவன் டேங்க், காயம் ஆற்றுபவன் ஹீலர், அடித்து வீழ்த்துபவன் டேமேஜ். களைத்துப்போய் வந்து உட்காரும் ஒரு மாலையில் இந்த மூன்றில் எதைச் செய்யச் சலிப்பு வராதோ அதுவே உங்கள் மெயின்.

படி 3: உச்ச லெவலைத் தொடும்வரை இரண்டாவது பாத்திரம் வேண்டாம்

இதில் நான் கறார். பல விளையாட்டுகளில் ஒரு கிளாஸின் முழுத் திறனும் கடைசி லெவல்களில்தான் கைக்கு வரும். லெவல் 31இல் "இந்த மந்திரவாதி சலிப்பாக இருக்கிறான்" என்று விட்டவன் நான். அவனுடைய நல்ல மந்திரங்கள் நாற்பதுக்கு மேல் இருந்தன என்பது பிறகு தெரிந்தது.

உச்சத்தைத் தொட்டதும் உடனே ஆல்ட்டுக்கு ஓடாதீர்கள். இரண்டு அடையாளங்களுக்குக் காத்திருங்கள். பிறர் சொல்லித் தராமல் ஒரு டஞ்சனை முடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். வாராந்தர வேலைகளை முடித்துவிட்டு, அடுத்த வாரம் அவை மறுபடி திறக்கும்வரை மெயினுக்குச் செய்ய ஒன்றும் இல்லை என்ற நிலை இரண்டு மூன்று தடவையாவது வந்திருக்க வேண்டும். அந்த ஓய்வு நேரம்தான் ஆல்ட்டுக்கு உரிய நேரம்.

படி 4: ஆல்ட்டுக்கு ஒரு வேலை கொடுங்கள்

புதுப் பாத்திரத்துக்குப் பெயர் வைக்கும் முன் ஒரு வாக்கியம் எழுதுங்கள்: "இவன் எதற்கு?" பதில் ஒரே வரியில் வரவில்லை என்றால் மெயினில் ஏதோ ஒன்று கசக்கிறது, அதிலிருந்து தப்பி ஓடுகிறீர்கள். என் ஒன்பதில் ஏழு அப்படிப் பிறந்தவை. ஒவ்வொன்றும் நான் ஒரு முதலாளி அரக்கனிடம் (பாஸ் எனப்படும் பெரிய எதிரி) தோற்ற இரவில் உருவாக்கியது.

நல்ல பதில்கள் எப்படி இருக்கும்? "மருந்து காய்ச்ச." வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டில் ஒருவருக்கு முதன்மைத் தொழில் இரண்டுதான் என்பதால், மூலிகை பறிப்பதும் மருந்து காய்ச்சுவதும் ஒருவனிடம் இருந்தால், சுரங்கமும் கொல்லர் வேலையும் இன்னொருவனிடம் இருப்பது பொருத்தம். "நண்பனோடு மட்டும் ஆட." இதுவும் நல்ல பதில், அவன் இல்லாதபோது அந்தப் பாத்திரத்தைத் தொடாதவரை. ஏலக்கூட வாசலில் நின்று விற்பனையை மட்டும் பார்க்கும் வங்கி ஆல்ட்டுக்கு லெவலே தேவையில்லை.

நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்வது "எதிர் வேலை" ஆல்ட். வருடக்கணக்கில் டேமேஜ் ஆடியவன் நான். தரையில் நெருப்பு வட்டம் தெரிந்தாலும் கையில் எடுத்த மந்திரத்தை முடித்துவிட்டே நகர்வேன், ஹீலர் பார்த்துக்கொள்வார் என்ற தைரியம். பிறகு ஹீலர் ஆல்ட் ஒன்றை வளர்த்தேன். திரையின் ஓரத்தில் குழுவினரின் உயிர் அளவைக் காட்டும் ஐந்து பச்சைக் கோடுகள். நான்கு அசையாமல் நிற்க, ஒன்று மட்டும் சரிந்து சரிந்து ஏறுகிறது. நெருப்புக்குள் நின்று மந்திரம் முடிக்கும் ஒரு வில்லாளி. என் மந்திர சக்தியில் பாதியை அவன் ஒருவனே குடித்தான். மறுநாள் மெயினுக்குத் திரும்பியபோது என் கால்கள் தாமாகவே நகர்ந்தன.

படி 5: ஓய்வுப் புள்ளிகளைச் சுரண்டுங்கள்

பல விளையாட்டுகள் நீங்கள் ஆடாத நேரத்துக்கும் ஊக்கத்தொகை தருகின்றன. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டில் விடுதியிலோ நகரத்திலோ பாத்திரத்தை நிறுத்திவிட்டு விளையாட்டிலிருந்து வெளியேறினால் 8 மணி நேரத்துக்கு ஒரு லெவலின் 5 சதவீதம் ஓய்வு அனுபவமாகச் சேரும். நாளைக்கு 15 சதவீதம். பத்து நாளில் ஒன்றரை லெவல், அதோடு நிரம்பிவிடும். அது தீரும்வரை எதிரிகளைக் கொன்று கிடைக்கும் அனுபவம் இரட்டிப்பு. க்வெஸ்ட் (விளையாட்டு தரும் பணி) முடித்ததற்குக் கிடைப்பது இரட்டிப்பாகாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே ஆல்ட்டைத் தினமும் ஓட்டினால் அந்தத் தொட்டி எப்போதும் வறண்டே இருக்கும். வாரம் ஓரிரு முறை எடுத்தால் ஒவ்வொரு தடவையும் தொட்டியில் கணிசமாகச் சேர்ந்திருக்கும். எனவே ஆல்ட்டை விடுதியில் படுக்க வைத்துவிட்டு மெயினுக்குப் போங்கள். காட்டில் வெளியேறினால் சேரும் வேகம் கால் பங்காகக் குறையும், அந்தச் சோம்பலுக்கு நானே பலமுறை விலை கொடுத்திருக்கிறேன்.

படி 6: விசைகளை ஒரே இடத்தில் வையுங்கள்

யாரும் சொல்லித் தராத, ஆனால் தினமும் உதவுகிற காரியம் இது. பாத்திரம் மாறினால் மந்திரங்களின் பெயர் மாறும், வேலை மாறாது. எதிரியின் மந்திரத்தை இடைமறிப்பது எனக்கு எப்போதும் எண் 4. உயிர் காக்கும் கேடயம் எண் 5. விலகித் தாவுவது இடக்கைப் பெருவிரலுக்கு எட்டும் விசை. வாள்வீரனிடம் 4 என்பது உதை, மந்திரவாதியிடம் எதிர்மந்திரம். விரலுக்கு இந்த வேறுபாடு தெரிய வேண்டியதில்லை.

முதல் ஆல்ட்டுக்கு இதைச் செய்யாமல் விட்டேன். மெயினில் இடைமறிக்கும் விசையில் ஆல்ட்டுக்குக் குதிரையை அழைக்கும் பொத்தான் இருந்தது. முதலாளி அரக்கன் பெரிய மந்திரத்தைத் தொடங்குகிறான், நான் பதறி 4ஐத் தட்டுகிறேன். "சண்டையின்போது குதிரை ஏற முடியாது" என்று திரையில் சிவப்பெழுத்து. ஐந்து பேரும் செத்தோம். உங்கள் விளையாட்டில் விசை அமைப்பைப் பாத்திரத்திலிருந்து பாத்திரத்துக்கு நகலெடுக்கும் வசதி இருக்கிறதா என்று அமைப்புகளில் தேடிப் பாருங்கள்.

படி 7: கில்டில் சொல்லிவிடுங்கள்

எது மெயின், எது ஆல்ட் என்று குறிப்புப் பெட்டியில் எழுதிவையுங்கள். ரெய்டில் பொருள் விழுந்தால் அது வேறொருவரின் மெயினுக்குத் தேவையா என்று கேட்டுவிட்டு ஆல்ட்டுக்கு எடுங்கள். பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்பது இங்கே எழுத்துக்கு எழுத்து பொருந்தும்.

படி 8: கூட்டத்தைக் குறையுங்கள்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேர்வுத் திரையைத் திறந்து, ஒவ்வொருவரின் ஒரு வரி வேலையையும் சரிபாருங்கள். வேலை முடிந்தவர், வேலையே இல்லாதவர் போகலாம். அழிக்கும் முன் பையையும் அஞ்சல் பெட்டியையும் திறந்து பாருங்கள். பாத்திரத்தோடு ஒட்டாத பொருள் எல்லாவற்றையும் மெயினுக்கு அனுப்புங்கள். பெயர் பிடித்திருந்தால் யோசித்து அழியுங்கள், வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம். சில விளையாட்டுகளில் குறிப்பிட்ட காலத்துக்குள் மீட்கலாம், அந்த விதியையும் முன்பே படித்துவிடுங்கள்.

ஒன்பதில் ஏழை ஒரே மாலையில் அழித்தேன். அவர்கள் பைகளில் இருந்து வந்தவை: பூஞ்சை பிடித்த ரொட்டி 40, யாருக்கும் ஆகாத செம்புக் கட்டிகள், மூன்று வருடத்துக்கு முந்தைய பண்டிகைத் தொப்பி ஒன்று. தொப்பியை வங்கி ஆல்ட்டுக்கு அனுப்பினேன். லெவல் 1இலேயே இருக்கும் அவள் இன்றும் அதைப் போட்டுக்கொண்டுதான் ஏலக்கூட வாசலில் நிற்கிறாள்.