காலிக் கோட்டையில் வாசல் உச்சியைப் பாருங்கள்

இலங்கையின் காலிக் கோட்டைக்குப் போகிறவர்கள் பலர் மதில் மேல் நடந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தெருக்களுக்கும் நேரம் ஒதுக்குங்கள். பழைய வாசலின் வெளிப்புறத்தில் இருப்பது பிரிட்டிஷ் அரசுச் சின்னம். அதைப் பார்த்ததோடு நகர்ந்துவிடாமல், உள்ளே நுழைந்ததும் திரும்பி அண்ணாந்து பாருங்கள்: இரண்டு சிங்கங்கள், மேலே ஒரு சேவல், நடுவில் ஒல்லாந்து (டச்சு) கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை, 1669 என்ற ஆண்டு. எனக்கு அந்தச் சேவல் ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம் சர்ச் தெரு. 1755-இல் கட்டி முடித்த ஒல்லாந்தர் தேவாலயத்துக்குக் கோபுரம் கிடையாது. முகப்பின் உச்சி சுருள் சுருளாக வளைந்து இறங்கும். தரையில் பழைய கல்லறைக் கற்களைப் பதித்திருக்கிறார்கள், குனிந்து பாருங்கள். சற்றுத் தள்ளி 1871-இல் அர்ப்பணிக்கப்பட்ட ஆங்கிலிக்கன் தேவாலயம்: கூர்மையான வளைவுகள், கோதிக் பாணி. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.