பீரின் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்

கறுப்பாக இருந்தால் போதை அதிகம் என்று நினைப்பவர்கள் நிறைய. அயர்லாந்தின் கின்னஸ் டிராஃப்ட் கறுப்புதான், ஆல்கஹால் 4.2% மட்டுமே. பெல்ஜியத்தின் டூவெல் பொன்னிறம், அதில் 8.5%. கறுப்பு நிறமும் காபி போன்ற கசப்பும் வறுத்த பார்லி தருபவை.

சுவையைப் பிரித்தறிய, பீரை நொதிக்க வைக்கும் ஈஸ்ட்டைக் கவனியுங்கள். குளிரில் மெதுவாக நொதிக்கும் லாகர் வகை பீர் மென்மையாக இருக்கும். சற்று வெப்பத்தில் நொதிக்கும் ஏல் வகையில் பழவாசனை வரும். எனக்கு மிகவும் பிடித்தது ஜெர்மனியின் பவேரியா பகுதிக் கோதுமை பீரான ஹெஃபெவைசன். வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். இரண்டையும் யாரும் சேர்ப்பதில்லை, எல்லாம் ஈஸ்ட்டின் வேலை! பாட்டிலில் கடைசிக் கொஞ்சத்தை மிச்சம் வைத்து, மெதுவாகச் சுழற்றி, அடியில் தங்கிய ஈஸ்ட்டோடு ஊற்றுங்கள். ரொம்பச் சில்லென்று இருந்தால் மணம் தெரியாது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் கழித்துத் திறக்கலாம்.