சார்காய்டோசிஸ்: ரிப்போர்ட்டைப் படித்ததும் செய்யக்கூடாத தவறுகள்

பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'சார்காய்டோசிஸ்' என்று பார்த்ததும் பலருக்கும் முதலில் வருவது புற்றுநோய் பயம்தான். குற்றம் பெயருடையது. 1899-இல் நார்வே நாட்டுத் தோல் மருத்துவர் சீசர் பெக், தான் பார்த்த தோல் முடிச்சுகளின் திசு 'சார்கோமா' என்ற புற்றுநோயைப் போலத் தெரிந்ததால் அவற்றைச் 'சார்காய்டு' என்றார். தீங்கற்றது என்றும் அவரே சேர்த்துதான் எழுதினார். நோய் எதிர்ப்பு அணுக்கள் திரண்டு 'கிரானுலோமா' என்ற சிறு முடிச்சுகளாவதுதான் இந்த நோய். பத்தில் ஒன்பது பேருக்கு நுரையீரலிலோ, அதை ஒட்டிய நெறிக்கட்டிகளிலோ இவை இருக்கும். மற்றவருக்கு ஒட்டாது.

அடுத்த பயம் 'ஸ்டேஜ்'. எக்ஸ்ரேயில் என்ன தெரிகிறது என்பதை வைத்து 0 முதல் 4 வரை போடும் எண் அது. 1 என்றால் நெறிக்கட்டி வீக்கம் மட்டும், 2 என்றால் அதோடு நுரையீரலிலும் மாற்றம், 3 என்றால் நுரையீரலில் மட்டும், 4 என்றால் தழும்பு. இது படிப்படியாக ஏறும் ஏணி அல்ல. ஸ்டேஜ் 2-இல் இருந்த பலருக்கு நோய் தானாகவே அடங்கியிருக்கிறது. நுரையீரல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய, ஊதிப் பார்க்கும் பரிசோதனையின் முடிவைக் கேளுங்கள். தொந்தரவு இல்லாதபோது, "மருந்து வேண்டாம், மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்று டாக்டர் சொன்னால் அதை அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். அதுவும் சிகிச்சைதான்.

காசநோயிலும் கிரானுலோமா உண்டு. அதனால் சார்காய்டோசிஸுக்கு வழக்கமாகத் தரும் மருந்தான ஸ்டீராய்டைத் தொடங்கும் முன் காசநோய்க்கு மறுபடியும் பரிசோதிக்கச் சொன்னால் சலித்துக்கொள்ளாதீர்கள். காசநோய் இருப்பது தெரியாமல் ஸ்டீராய்டு கொடுத்தால் அது பரவிவிடும்.

நான் அதிகம் கவலைப்படுவது வைட்டமின் டி மாத்திரையைப் பற்றி. ரத்தத்தில் டி குறைவு என்று வந்ததும் தாமாகவே வாங்கி விழுங்குகிறார்கள். சார்காய்டோசிஸில் அந்தக் கிரானுலோமாக்களே வைட்டமின் டி-யை அதன் செயல்படும் வடிவமாக மாற்றித் தள்ளுகின்றன. வழக்கமான டெஸ்ட் சேமிப்பு வடிவத்தை மட்டும்தான் அளக்கும். அது குறைவாகவும் செயல்படும் வடிவம் அதிகமாகவும் இருக்கலாம். அதன் மேல் மாத்திரையும் சேர்ந்தால் கால்சியம் ஏறும், சிறுநீரகத்தில் கல் வரும், சிறுநீரகமே பழுதாகவும் கூடும். இரண்டு வடிவங்களையும் கால்சியத்தையும் பார்த்த பிறகு டாக்டர் முடிவு செய்யட்டும்.

அப்புறம் ஸ்டீராய்டு. பசி, முக வீக்கம், தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து வெறுத்துப்போய் ஒரே நாளில் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. பல வாரங்கள் வெளியிலிருந்து கிடைத்ததால், உடலுக்குள் ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்திருக்கும்; திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். நோய் எதிர்ப்பைத் தணிக்கும் மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தை எழுதியிருந்தால், அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடும் மருந்து. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று அட்டையிலேயே எழுதி வையுங்கள்.

நுரையீரல் நோய்தானே என்று கண்ணையும் இதயத்தையும் மறந்துவிடுகிறோம். கண்ணுக்குள் வரும் அழற்சி சில நேரம் வலி, சிவப்பு எதுவும் இல்லாமல் பார்வையைக் கெடுக்கும். அதனால் நோய் உறுதியானதுமே கண் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஈசிஜியும் எடுத்துக்கொள்ளுங்கள். படபடப்பு வந்தாலோ, மயங்கி விழுந்தாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.